குளிர்த்தி இல்லாத வழக்குரை: ‘சிஸ்டம் ஒஃப் எ டவுன்’ குழுவின் முதல் அல்பம்

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில், பக்கத்து இருக்கைப் பையனின் காதுக்கருவியிலிருந்து கசியும் ஒலி சிலருக்குப் பழக்கமாகியிருக்கும். ஒரு குரல் அலறுகிறது. அடுத்த கணம் தேவாலயத்தில் பாடுவதுபோல நீட்டி இழுக்கிறது. உடனே கோமாளியாகிக் கேலி பேசுகிறது. பின்னால் மரம் அரியும் ஆலையை ஒத்த இரைச்சல். இது பாட்டா, சண்டையா என்று கேட்கும் பெற்றோருக்குப் பிள்ளைகள் தரும் பதில் பெரும்பாலும் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறது: ‘சிஸ்டம் ஒஃப் எ டவுன்’.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 24ஆம் திகதி ஆர்மேனிய இனப்படுகொலை நினைவுநாள் பற்றிய செய்திகளில் இதே பெயர் வந்து போகிறது. உரத்த இசைக்குழு ஒன்றுக்கு நூறாண்டுக்கு முந்தைய படுகொலையோடு என்ன தொடர்பு?

இரண்டு கேள்விகளுக்கும் விடை, 1998 ஜூன் 30இல் வெளியான ஒரே அல்பத்தில் இருக்கிறது. குழுவின் பெயரே அதற்கும் பெயர். பதின்மூன்று பாடல்கள், ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள்.

## முதலில் சொற்கள்

மேற்கத்திய இசைத்துறையில் முதல் அல்பம் என்பதை மட்டக்களப்பில் விளக்குவது எளிது, ஏனென்றால் கூத்தில் அதற்குச் சொல் இருக்கிறது: அரங்கேற்றம். கூத்தாசிரியரான அண்ணாவியார் நடிகருக்குரிய பாட்டை எழுதிச் ‘சட்டம்’ கொடுப்பார், கிழமைக்கூத்து நடக்கும், சதங்கை அணிவார்கள், ஒத்திகையாக அடுக்குப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் வட்டக்களரியில் அரங்கேற்றம். ஊர் பார்ப்பது கடைசிப் படியைத்தான். இசைக்குழுவுக்கும் அப்படித்தான். 1994இல் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் உருவான இந்தக் குழு, அல்பத்துக்கு முன்னர் நான்கு மாதிரி ஒலிநாடாக்களைப் பதிவு செய்தது. முதல் மூன்றும் ரசிகர்களிடையே கைமாறின. நான்காவது, ஒலிப்பதிவு நிறுவனங்களின் கதவைத் தட்டுவதற்கானது. ஆகவே முதல் அல்பம் என்றால் எடுத்த எடுப்பில் செய்தது என்று பொருளல்ல. நான்கு ஆண்டுகள் மேடையில் அடித்துத் திருத்திய பாடல்களின் அடுக்கு அது. இரண்டாவது அல்பத்துக்கு அந்த வசதி எந்தக் குழுவுக்கும் கிடைப்பதில்லை.

‘மெற்றல்’ என்ற கனத்த, உரத்த கிற்றார் இசை, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிற்சாலைப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் அல்பம் 1970 பெப்ரவரியில் வெளியானது. அதன் கிற்றார் கலைஞர் டோனி அயோமி, உலோகத் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். அவர் இடக்கை வாசிப்பாளர். தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கினார். இந்த இசையின் இருண்ட, கனத்த நிறத்துக்கு அந்தக் காயத்துக்கும் பங்குண்டு.

இந்தக் குழுவைச் சேர்த்துப் பேசும் ‘மாற்று மெற்றல்’ என்ற வகை 1980களின் பிற்பகுதியில் தலைகாட்டியது. ‘ஃபெய்த் நோ மோர்’, ‘ஜேன்ஸ் அடிக்ஷன்’, பிறகு ‘டூல்’, ‘ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்’, ‘கோர்ன்’ என்று பட்டியல் நீளும். இவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்றுதான்: மெற்றலின் கனத்தை வைத்துக்கொண்டு அதன் சடங்குகளைக் கைவிட்டார்கள். விரல் வேகம் காட்டும் நீண்ட கிற்றார் தனியாவர்த்தனம், பூதப் படங்கள், தோல் உடுப்பு எல்லாம் போயின. ராப், ஃபங்க், கிராமிய இசை, நாடகக் குரல் எல்லாம் உள்ளே வந்தன. பெயர் ஒரு கடைக்காரன் ஒட்டிய சீட்டு. அதற்கு மேல் அதை நம்பவேண்டியதில்லை.

## இரைச்சல் எப்படிச் செய்யப்படுகிறது

கேட்பவருக்குக் குழப்பமாகத் தெரிவது, வாசிப்பவருக்கு மிகவும் கட்டுப்பாடான வேலை. நான்கு படிகளாகப் பார்க்கலாம்.

1. தளர்ந்த தந்தி. வழக்கமாக கிற்றாரின் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வுகளில் ஒலிக்கும். இந்தக் குழுவின் பெரும்பாலான பாடல்களில் அது 65 அதிர்வுகளுக்கு இறக்கப்படுகிறது. மற்ற ஐந்து தந்திகளும் ஒவ்வொரு முழுச்சுரம் இறங்க, தடித்த தந்தி மட்டும் இரண்டு முழுச்சுரம் இறங்குகிறது. இதனால் கீழ் மூன்று தந்திகளும் ச-ப-மேல் ச என்று அமைந்துவிடுகின்றன. ஒரே விரலைக் குறுக்கே வைத்தால் போதும், மூன்றும் சேர்ந்து நகரும். தம்புராவின் சுருதியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுபோல.

2. காந்தாரம் இல்லாத கட்டு. ச-வும் ப-வும் மட்டும் சேர்ந்த ஒலிக்கட்டில், ச-வையும் சேர்த்து எண்ணினால் மூன்றாவது சுரமான காந்தாரம் கிடையாது. மகிழ்ச்சியா சோகமா என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் காந்தாரம்தான். அது இல்லாதபோது கிற்றார் எந்த உணர்ச்சியையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அந்தப் பொறுப்பு குரலின் தலையில் விழுகிறது.

3. வெட்டப்பட்ட அலை. திருவிழாக் காலத்தில் மரத்தில் கட்டிய லவுட்ஸ்பீக்கரை அளவுக்கு மீறித் திருகினால் பாட்டு கரகரக்கும். ஒலி அலையின் உச்சியைக் கருவியால் தாங்க முடியாமல் அது மழுங்குகிறது. மழுங்கிய இடத்தில் புதிய சுரங்கள் முளைக்கின்றன. நமக்கு அது பழுது. மெற்றல் கலைஞர் அதை வேண்டுமென்றே செய்து அளவோடு நிறுத்துகிறார். 65உம் 98உம் அதிர்வுள்ள இரண்டு சுரங்கள் இப்படி வெட்டுப்படும்போது, அவற்றின் வித்தியாசமான ஏறத்தாழ 33 அதிர்வு தானாகப் பிறக்கிறது. அது அடிச்சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத அந்தச் சுரம்தான் நெஞ்சில் இடிப்பது. காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் இதே வித்தியாசங்கள் ஒன்றோடொன்று மோதிச் சகதியாகிவிடும். இரண்டாம் படியில் சொன்ன கட்டுக்கு இதுதான் பௌதிகக் காரணம்.

4. உள்ளங்கை. வலது கையின் ஓரத்தைத் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் இலேசாக வைத்து அடித்தால், நீண்டு ஒலிக்கவேண்டிய தந்தி ‘டக்’கென்று அடங்கும். மத்தளக்காரர் அடித்த உள்ளங்கையாலேயே ஒலியை அமுக்குவது போன்ற வேலை. இங்கே கிற்றார் தந்திக் கருவியாக இருப்பதை விட்டுத் தோல் கருவியாகிறது. ‘சுகர்’ பாடலில் கையை வைப்பதும் எடுப்பதும் மாறிமாறி வருவதைக் கவனித்தால் போதும். மௌனங்கள் எவ்வளவு எண்ணி வைக்கப்பட்டவை என்பது விளங்கும்.

கைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் இவற்றில் பாதி வராது. 65 அதிர்வை எழுப்ப அதற்குத் திராணி இல்லை. மேலேயுள்ள கிளைச் சுரங்களைக் கொண்டு காதுதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பஸ்ஸில் கசியும் ஒலி ஆலை இரைச்சலாக மட்டும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். பையனின் மேல் மட்டும் பழியைப் போடக் கூடாது.

## விளரி கேட்ட காது

இந்தக் குழுவை மேற்கத்திய ஜனரஞ்சக இசையிலிருந்து பிரித்துக் காட்டுவது சுர ஒழுங்கு. அந்தப் பாடல்களில் ‘ச’வுக்கு அடுத்த சுரம் பொதுவாக ஒரு முழுப்படி தள்ளி நிற்கும். மெற்றலிலும் மேற்காசிய இசையிலும் அடிக்கடி அது அரைப்படிதான், ச-வை ஒட்டி உரசிக்கொண்டு நிற்கும். மேற்கில் இதை ஃப்ரிஜியன் என்பார்கள். கர்நாடக இசையில் அதன் சுரத்தானங்கள் தோடியினுடையவை. காந்தாரத்தை மட்டும் உயர்த்தினால் வகுளாபரணம். அதோடு நிஷாதத்தையும் உயர்த்தினால், சங்கீத வகுப்பின் முதல் நாளில் பிள்ளைகள் பாடும் மாயாமாளவகௌளை. கமகம் வேறு, நடை வேறு; ஆனால் சுரங்கள் நிற்கும் இடங்கள் அவையே.

ஒரே சுரத்தொகுதியில் ஆதார சுரத்தை மாற்றினால் வேறு பண் பிறக்கும் என்பதைப் பழந்தமிழ் நூல்களிலிருந்து கணக்கிட்டு எழுதியவர், அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் அரங்கேறியது. பாலைகள் எனப்பட்ட பண்டைய ஏழு சுர ஒழுங்குகளில் விளரிப்பாலையை இன்றைய தோடியோடு பொருத்துவது ஆய்வாளர்களிடையே பரவலான வழக்கம். விளரி நெய்தல் நிலத்துக்குரியது, இரங்கலுக்குரியது. கடலோரத்தில் நின்று அழும் பண்.

ஆகவே வாவிக்கரையில் வளர்ந்த காதுக்கு இந்த அல்பத்தில் அந்நியமாக இருப்பது சத்தம்தான், சுரம் அல்ல. தாளத்திலும் அதுவே நிலை. ‘பீப்ஹோல்’ என்ற பாடல் சர்க்கஸ் கூடாரத்து இசைபோலச் சுழல்கிறது. மூன்று மூன்றாகச் சுழலும் நடை ஆர்மேனியக் கிராமிய நடனங்களில் பரவலானது. மட்டக்களப்புப் பறங்கியரின் காபிரிஞ்ஞாவையும் கலியாண வீட்டுப் பைலாவையும் கேட்டு வளர்ந்தவருக்கு அந்த ஆறு-எட்டுச் சுழற்சியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

குரலுக்கும் உள்ளூர் உறவு உண்டு. பாடகர் ஸேர்ஜ் டாங்கியன் ஒரே பாடலில் அரசனாக, அழுபவராக, கட்டியகாரனாக மாறுகிறார். இதை மெற்றல் விமர்சகர்கள் விசித்திரம் என்றார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

## யார் இந்த நால்வர்

நால்வரும் ஆர்மேனிய வழியினர். பாடகர் டாங்கியனும் ட்ரம்ஸ் கலைஞர் ஜோன் டொல்மாயனும் லெபனானில் பிறந்தவர்கள். பேஸ் கிற்றார் வாசிக்கும் ஷாவோ ஓடாஜியன் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் பிறந்தவர். கிற்றாரும் பெரும்பகுதி இசையமைப்பும் டரோன் மலாக்கியனுடையவை. அவர் ஹொலிவுட்டிலேயே பிறந்தவர். டாங்கியனின் குடும்பம் 1975இல், லெபனான் உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டில், அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது. அவருக்கு அப்போது ஏழு வயது. டாங்கியன், மலாக்கியன், ஓடாஜியன் மூவரும் வெவ்வேறு வகுப்புகளில் ஒரே ஆர்மேனியப் பாடசாலையில் படித்தவர்கள்.

தலைமுறைக் கணக்கைப் பார்த்தால் வழி தெளிவாகிறது. பாட்டன் பாட்டிமார் 1915இல் தப்பியவர்கள். பெற்றோரில் பலர் அரபு நாடுகளில் வேரூன்ற முயன்று மறுபடியும் கிளம்பியவர்கள். பிள்ளைகள் கலிபோர்னியாவில் ஆங்கிலம் பேசி, வீட்டில் வேறு மொழியில் பழைய கதை கேட்டவர்கள். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ உறவுகள் இல்லாத தமிழ்க் குடும்பம் மட்டக்களப்பில் குறைவு என்பதால், வார இறுதியில் தாய்மொழிப் பாடசாலைக்கு இழுத்துச் செல்லப்படும் பிள்ளையின் முகத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

தயாரிப்பாளர் ரிக் ரூபின். ஹொலிவுட் கிளப் ஒன்றில் குழுவைப் பார்த்துத் தம் ‘அமெரிக்கன் ரெக்கோர்டிங்ஸ்’ நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டவர். ‘ஸ்லேயர்’ என்ற மெற்றல் குழுவின் பதிவுகளிலும் ஜோனி காஷ் என்ற முதிய பாடகரின் பதிவுகளிலும் அவர் செய்தது ஒரே வேலை: மெழுகும் மினுக்கமும் நீக்குவது. இந்த அல்பத்திலும் அது தெரிகிறது. கிற்றார் வறண்டு, குரல் மிக அருகில். அறைக்குள் நின்று கத்துவதுபோல இருப்பதற்கு அதுவே காரணம்.

## அட்டையிலுள்ள கை

அல்பத்தின் அட்டையில் பார்ப்பவரை நோக்கி நீண்ட, விரல்கள் விரிந்த ஒரு கை. இது கலைஞரின் கற்பனைக்கு எட்டிய ஏதோ பயங்கரப் படம் அல்ல. ஒரு தேர்தல் சுவரொட்டியின் பகுதி. ஜேர்மன் கலைஞர் ஜோன் ஹார்ட்ஃபீல்ட் 1928இல் ஜேர்மன் கம்யூனிஸ்ட் கட்சிக்காகச் செய்தது. கையில் ஐந்து விரல்கள், ஐந்தாலும் எதிரியைப் பிடிக்கலாம், ஐந்தாம் இலக்கப் பட்டியலுக்கு வாக்களியுங்கள் என்பது அதன் வாசகம். ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட் என்ற தம் ஜேர்மன் பெயரை, முதலாம் உலகப் போர்க்கால இங்கிலாந்து வெறுப்புக்கு எதிர்ப்பாக, ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர் அவர். பின்னர் நாஸிகளுக்கு எதிராகத் துண்டுப் படங்களை ஒட்டி வெட்டிப் போராடியவர்.

எழுபது ஆண்டுப் பழைய சுவரொட்டியை எடுத்து இசைத்தட்டில் ஒட்டியது, உள்ளே இருப்பது அரசியல் என்று வாசலிலேயே அறிவிப்பதற்காக. அட்டைக்குள் குளவி இருக்கிறது என்று தெரிந்துதான் வாங்கவேண்டும்.

## பதின்மூன்றாம் பாடல்

பன்னிரண்டு பாடல்கள் போர், தொலைக்காட்சி, மனக்கட்டுப்பாடு, சிந்தனை என்று சுற்றி வருகின்றன. சிலவற்றின் வரிகள் நேரடிப் பொருள் தருவதில்லை. அவற்றுக்கு உட்பொருள் தேடி இரவுகளைச் செலவிடும் ரசிகர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் பாடு. பதின்மூன்றாவதில் மறைப்பு எதுவும் இல்லை. ‘ப்ளக்’ என்ற அதன் தலைப்பு, பொய்யும் கோழைத்தனமும் கொண்ட கொலைகாரர்கள் என்று பொருள்தரும் சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. படுகொலை செய்யப்பட்ட 15 இலட்சம் ஆர்மேனியருக்கு அது காணிக்கையாக்கப்பட்டிருக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாக வைத்தால்:

1. 1915 ஏப்ரல் 24 அன்று ஒட்டோமன் அரசு, இன்றைய இஸ்தான்புல்லில் ஆர்மேனிய அறிஞர்களையும் சமூகத் தலைவர்களையும் கைது செய்யத் தொடங்கியது. எழுத்தாளர்களும் பத்திரிகையாளர்களும் முதலில் போனார்கள்.

2. தொடர்ந்து ஆண்கள் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியோரும் சிரியப் பாலைவனத்தை நோக்கி நடத்திச் செல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் சென்றுசேரவில்லை. பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் லெபனானிலும் பிற நாடுகளிலும் முளைத்த ஆர்மேனியக் குடியிருப்புகள்.

3. ஒட்டோமன் பேரரசின் வழிவந்த துருக்கி, மரணங்கள் நிகழ்ந்ததை ஒத்துக்கொண்டாலும் இனப்படுகொலை என்ற சொல்லை இன்றுவரை மறுக்கிறது.

4. நேட்டோக் கூட்டாளியைப் பகைக்க விரும்பாத அமெரிக்க அரசுகள் பல பத்தாண்டுகளாக அந்தச் சொல்லைத் தவிர்த்துவந்தன. அல்பம் வெளியான 1998இல் நிலைமை அதுதான்.

பாடல் அஞ்சலி அல்ல. அது நேராகக் குற்றம் சாட்டி, மூன்று கோரிக்கைகளை வைக்கிறது: நடந்ததை ஏற்றுக்கொள், பறித்ததைத் திருப்பிக் கொடு, ஈடு செய். வழக்கறிஞரின் பட்டியல்போல இருப்பதால் கவிதையாக இந்த அல்பத்தின் பலவீனமான வரிகள் அவை என்றுதான் சொல்லவேண்டும். நிகழ்த்துதலாகப் பார்த்தால் கதை வேறு. குரல் உடையும் இடத்தில் சொல்லின் தரம் பொருட்டாக இல்லை.

இந்த மண்ணில் இதற்குப் பெயர் இருக்கிறது. வைகாசியில் தம்பிலுவில், காரைதீவு தொடங்கி மட்டக்களப்பின் படுவான்கரை வரை கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்பார்கள். கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போன பெண் வழக்கைச் சொல்கிறாள், அரசன் கேட்கிறான், சிலம்பு உடைகிறது, தவறு என்று அவன் ஒத்துக்கொள்கிறான். மதுரை எரிந்த பிறகும் கோபம் தீராது. அதனால் திருக்குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விப்பார்கள். வழக்குரைக்கும் குளிர்த்திக்கும் நடுவில் ஒரு படி இருப்பதைக் கவனிக்கவேண்டும்: பாண்டியன் வழக்கைக் கேட்டான்.

இந்த அல்பத்தில் அந்தப் படி இல்லை. வழக்கைக் கேட்க அரசன் வரவில்லை. ஆகவே குளிர்த்தியும் இல்லை. கடைசிப் பாடல் ஆறுதலில் இறங்காமல் கொதிநிலையிலேயே வெட்டுப்பட்டு நிற்பதற்குக் காரணம் இதுவே. இசைத்தட்டின் முடிவில் ஒரு மென்மையான பாடலை வைத்துக் கேட்பவரை வீட்டுக்கு அனுப்புவது பொது வழக்கம். அந்த மரியாதையை இவர்கள் செய்யவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘நம்முடைய கதையைத்தான் பாடுகிறார்கள்’ என்று தமிழ் இளைஞர்கள் சிலர் பாய்ந்து பிடித்துக்கொள்வதுண்டு. அவர்கள் நம்மைப் பாடவில்லை. நம் துக்கத்துக்கு அவர்களின் பாட்டைப் போர்வையாக்கினால் இரண்டும் மங்கிப்போகும். அதோடு, கல்முனை வீதியில் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை பஸ்ஸில் போனால், கேட்கப்படாத வழக்கு ஒரு சமூகத்திடம் மட்டும் இல்லை என்பது ஊருக்கு ஊர் தெரியும். அந்த நீளத்துக்கும் சேர்த்துக் கேட்கும் காது இருந்தால் ஒப்பீடு பயன்படும்.

## பிறகு நடந்தவை

வெளியானபோது இந்த அல்பம் பெரிய வெற்றி அல்ல. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் நூறுக்குள்ளேயே வரவில்லை. தொடர்ந்த மேடைப் பயணங்களால் மெல்லப் பரவி, பின்னர் பத்து இலட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்றிதழைப் பெற்றது. 2001 செப்டெம்பர் 4இல் வந்த இரண்டாவது அல்பம் ‘டொக்ஸிசிட்டி’ நேரே முதலிடத்துக்குப் போனது. அது முதலிடத்தில் இருந்த வாரம்தான் நியூயோர்க் கோபுரங்கள் விழுந்தன.

வழக்கும் மெல்ல நகர்ந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று, நூற்றாண்டு நினைவுக்கு முந்திய இரவில், குழு முதன்முறையாக ஆர்மேனியாவில் பாடியது. யெரெவான் குடியரசுச் சதுக்கம், இலவச நிகழ்ச்சி, கொட்டும் மழை. 2019 இறுதியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இனப்படுகொலையை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றின. 2021 ஏப்ரல் 24இல் ஜனாதிபதி பைடன் அந்தச் சொல்லைத் தம் அறிக்கையில் பயன்படுத்தினார். ஓர் இசைக்குழு இதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. புலம்பெயர்ந்த ஆர்மேனியரின் பல தலைமுறை உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஆர்மேனியா உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்று அறியாத இலட்சக்கணக்கான பதின்ம வயதினருக்கு அந்தச் சொல்லை அறிமுகப்படுத்தியது இந்தக் குழு என்பது மிகையல்ல. மூன்று கோரிக்கைகளில் முதலாவது, அதுவும் வேறொரு நாட்டின் வாயால், பாதி நிறைவேறியிருக்கிறது. மற்ற இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 2020இல், ஆர்மேனியர் வாழ்ந்த நாகொர்னோ-கராபாக் பகுதியில் மறுபடியும் போர் மூண்டபோது, பதினைந்து ஆண்டுகள் புதிய பாடல் எதுவும் வெளியிடாதிருந்த குழு இரண்டு பாடல்களை வெளியிட்டு வருமானத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தது.

## கேட்க விரும்புகிறவருக்கு

முதல் பாடலிலிருந்து தொடங்கவேண்டாம். ஐந்தாவதாக வரும் ‘ஸ்பைடர்ஸ்’ மெதுவானது, மெட்டு தெளிவானது, குரல் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று பின்தொடரலாம். அடுத்து ‘சுகர்’, அதன் கடைசிப் பகுதி முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் முடியும் விதத்தைக் கவனியுங்கள். ஆறு நிமிடத்தைத் தாண்டும் ‘மைண்ட்’ பொறுமை கேட்கும்; அவசரமாக இருந்தால் விட்டுவிடலாம். ‘ப்ளக்’ பாடலைக் கடைசியில், காதுக்கருவியில், ஒலியை நடு அளவுக்குக் குறைத்துக் கேளுங்கள். முழு அளவில் வைத்தால் இரைச்சல் முன்னால் வந்து குரலை மறைத்துவிடும். குறைத்தால் அவர் சொல்லும் ஒவ்வொரு குற்றச்சாட்டும் தனித்தனியே கேட்கும்.